மண்கோட்டையும் நீலப் புட்டியும்

லேடி கிரெகரி என்றதும் நாடகம் படித்தவர்களுக்கு 1904-ல் டப்ளினில் தொடங்கிய ஆபி தியேட்டர் ஞாபகத்துக்கு வரும். யேட்ஸின் கவிதைகளில் பழக்கம் உள்ளவர்களுக்குக் கூல் பார்க் மாளிகையும் அதன் ஏரியில் நீந்திய அன்னங்களும் ஞாபகத்துக்கு வரும். அந்த அம்மாள் எழுதிய நாடகங்களை இன்று மேடையேற்றுகிறவர்கள் அதிகம் இல்லை. பழைய வீரக் கதைகளை அவர் திருப்பிச் சொன்ன புத்தகங்களுக்கு மரியாதை இருக்கிறது, வாசகர்கள் குறைவு. 1920-ல் இரண்டு பாகங்களாக வெளிவந்த ஒரு தொகுப்பு நூல் உண்டு. 'மேற்கு அயர்லாந்தின் தரிசனங்களும் நம்பிக்கைகளும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அவர் பெயரில் நிற்கப் போவது அதுதான் என்பது என் அபிப்பிராயம். அதில் அவரே எழுதிய வாக்கியங்கள் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் பிறர் சொல்ல, அவர் கேட்டு எழுதிக்கொண்டவை.

1890-களின் இறுதியில் தொடங்கிப் பல வருஷ காலம் கால்வே, கிளேர் ஜில்லாக்களிலும் ஆரன் தீவுகளிலும் குடியானவர்கள், செம்படவர்கள், கொல்லர்கள், ஏழை விடுதியில் கிடந்த கிழவிகள் என்று கண்டவர்களிடமெல்லாம் அவர் பேச்சுக் கொடுத்தார். கேட்டதை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தார். ஒவ்வொரு பேச்சுக்கும் மேலே சொன்னவர் யார் என்று ஒரு சிறு குறிப்பு, கீழே பேச்சு. அவ்வளவுதான். கடல் சமாசாரம் ஓர் அத்தியாயம், கண் திருஷ்டி ஓர் அத்தியாயம், மூலிகைகள், கொல்லர்கள், மண்கோட்டைகள் என்று இப்படிப் போகிறது. வெண்ணெய்க்குக் கூட ஓர் அத்தியாயம் உண்டு. கடையாத வெண்ணெயைப் பற்றி இத்தனை பேர் இத்தனை கவலையோடு பேசியதை வேறு எந்த இலக்கியத்திலும் நான் படித்ததில்லை.

அவர் எழுதிய இங்கிலீஷுக்கு அவர் வட்டாரத்தின் பெயரைக் கொண்டு 'கில்டார்ட்டன்' என்று ஒரு பெயரே ஏற்பட்டது. வார்த்தை இங்கிலீஷ், வாக்கியத்தின் நடை ஐரிஷ். இந்த நடையை அவர் நாடகங்களில் கேட்கும்போது கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடுகிறது, பாத்திரங்கள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரிப் பேசுகிறார்கள். இந்த நூலிலோ அது உறுத்தவே இல்லை. பேசுகிற ஆளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அந்த அவசரத்தில் நடை பின்னால் போய்விடுகிறது. கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய இடம் இது. பாதியில் நிறுத்திவிட்டு வேறு பக்கம் போகிறார்கள். செத்துப்போனவனின் மாட்டு விலையைச் சொல்லிவிட்டு அவன் செத்த விதத்துக்கு வருகிறார்கள். அந்த அம்மாள் ஒன்றையும் ஒழுங்குபடுத்தவில்லை. கதை எழுதத் தெரிந்தவர் கையில் இப்படிப்பட்ட சரக்குக் கிடைத்தும் அதைக் கதையாக்காமல் விட்டார் என்பதுதான் பெரிய காரியம்.

இந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருகிற இடம் மண்கோட்டை. அந்த ஜனங்கள் அதை 'ராத்' என்றும் 'லிஸ்' என்றும் சொல்வார்கள். லிஸ்மோர், லிஸ்டூன்வார்னா, ராத்மைன்ஸ் என்று அந்த நாட்டு ஊர்ப் பெயர்களில் பாதி இதில்தான் தொடங்குகின்றன என்று தோன்றும். கோட்டை என்றதும் நாம் கொத்தளமும் கோபுரமுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வயல் நடுவே வட்டமாக ஒரு மண் கரை, வெளியே ஓர் அகழி, உள்ளே புல் தரை. குறுக்களவு சுமார் நூறு அடி. கரைமேல் வெள்ளைப் பூப் பூக்கும் முள்மரங்கள் இரண்டொன்று. சில கோட்டைகளுக்குக் கீழே கல் அடுக்கிய சுரங்க வழி இருக்கும். தானியம் வைக்கவும், ஆபத்தில் ஒளிந்துகொள்ளவும் பயன்பட்டது. அயர்லாந்து முழுவதிலும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோட்டைகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன.

புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்கள் தோண்டிப் பார்த்துச் சொன்னது சப்பென்று இருக்கிறது. பெரும்பாலும் கி.பி. 600-லிருந்து 900 வரைக்குள் கட்டப்பட்ட விவசாயக் குடும்பங்களின் வீடுகள் இவை. கரை எழுப்பியது மாட்டைத் திருடன் ஓட்டிப் போகாமல் இருக்க. நடுவில் ஒரு குடிசை, தொழுவம், அடுப்பு. வேறொன்றும் இல்லை. ஆனால் கிராமத்தார் கணக்கில் அதைக் கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள், அல்லது 'அவர்கள்'. தங்கள் பாட்டனுக்குப் பாட்டன் கஞ்சி காய்ச்சிக் குடித்த இடத்தைத்தான் இருட்டிய பிறகு திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு கடந்து போனார்கள்.

'அவர்கள்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃபேரி' என்பதைத் தேவதை என்று எழுதுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சிறகு முளைத்த சிறு பெண் குழந்தை என்று இங்கிலீஷ் படப் புத்தகம் ஒன்று போட்டுக் காட்டியதன் விளைவு. ஐரிஷ் குடியானவர்கள் பேசியது அதைப் பற்றி அல்ல. அவர்கள் பெயரையே சொல்ல மாட்டார்கள். 'அவர்கள்', 'நல்லவர்கள்', 'மற்றவர்கள்' என்பார்கள். அந்த 'அவர்கள்' மனிதர் அளவு உயரம், மனிதர் மாதிரி உடை. சந்தைக்கு வருவார்கள், பந்து ஆடுவார்கள், கோஷ்டி கட்டிச் சண்டை போடுவார்கள். இரவில் வாசலில் தண்ணீரை வீசுமுன் குரல் கொடுத்துவிட்டு வீச வேண்டும், போகிறவர்கள் மேல் பட்டுவிடக் கூடாது. அவர்கள் நடக்கிற பாதையில் வீடு கட்டிவிட்டால் வீட்டின் மூலையை இடித்து வழி விட வேண்டும். தேவதையிடம் இந்த மரியாதை கிடையாது. பொல்லாத பங்காளியிடம் வைக்கிற மரியாதை இது.

அவர்கள் யாரைக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே படித்தால் இந்த நூல் வேறு நூலாகிவிடுகிறது. பிரசவித்த இளம் தாய்மார்களைக் கொண்டுபோகிறார்கள். தங்கள் குழந்தைக்குப் பால் கொடுக்க ஆள் வேண்டுமாம். நல்ல ஆட்டக்காரனான வாலிபனைக் கொண்டுபோகிறார்கள். தங்கள் கட்சிக்கு ஓர் உயிருள்ள மனிதன் இருந்தால்தான் ஆட்டம் நடக்குமாம். தொட்டிலில் இருக்கும் சிவப்பான குழந்தையைக் கொண்டுபோய்விட்டு, அந்த இடத்தில் அழுது அழுது இளைக்கிற ஒன்றை வைத்துவிடுகிறார்கள். கிழவர்களை அவர்கள் தேடி வருவதில்லை. பிரசவ ஜுரமும், க்ஷயமும், பெயர் தெரியாத சிசு நோய்களும் யாரைக் கொண்டுபோகுமோ அவர்களைத்தான் கோட்டைக்காரர்களும் கொண்டுபோகிறார்கள். 'செத்துவிட்டாள்' என்றால் முடிந்துபோயிற்று. 'போய்விட்டாள்' என்றால் அவள் அரை மைலுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேட்டுக்குள் இருக்கிறாள். யாராவது விஷயம் தெரிந்தவர் வழி சொன்னால் திரும்பி வரக்கூடும். அந்தப் பேச்சில் இருக்கிற ஆறுதலையும் ஆபத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மேட்டுக்குள் நிஜமாகவே குழந்தைகள் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுவைக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க இடம் கிடையாது. அப்படிப்பட்ட குழந்தைகளைத் தகப்பன்மார் இருட்டியபின் எடுத்துக்கொண்டு போய், ஊர் எல்லையிலோ, பாழடைந்த கோவில் அருகிலோ, பழைய மண்கோட்டைக்குள்ளோ புதைத்துவிட்டு வருவார்கள். 'கில்லீன்' என்று இந்த இடங்களுக்குப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. பெயர் கிடையாது, மணி அடிப்பது கிடையாது. தலைமாட்டில் ஒரு சாதாரணக் கல். அந்தப் பக்கம் போகாதே, மரத்தை வெட்டாதே, மண்ணைக் கிளறாதே என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை. கோட்டைக்குள் இரவில் குழந்தை அழும் சப்தம் கேட்டதாக ஒருத்தி சொன்னால், நம்பிக்கை ஆராய்ச்சிக்காரன் அதற்கு எண் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். நாவல் எழுதுகிறவனால் அப்படி முடியாது. அவள் வீட்டில் எத்தனை தொட்டில் காலியாயிற்று என்று முதலில் கேட்பான்.

கிரெகரி அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய இடத்தில் இருந்தாரா? இங்கேதான் எனக்கு நூலோடு வழக்கு. அவர் அந்தப் பிரதேசத்து ஜமீன் வீட்டு விதவை. கணவர் ஸர் வில்லியம் கிரெகரியை இலங்கை சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். 1872-லிருந்து 1877 வரை அங்கே கவர்னராக இருந்தவர். கொழும்பு மியூசியத்தைக் கட்டியவர். அவருடைய சிலை அதன் முன்னால் நிற்கிறது. அயர்லாந்தில் அவர் பெயர் வேறு காரணத்துக்காக நினைக்கப்படுகிறது. உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1847-ல், பார்லிமெண்டில் ஏழைகள் சட்டத்துக்கு ஒரு ஷரத்தைக் கொண்டுவந்தவர் அவர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக்கொண்டிருப்பவனுக்கு நிவாரணம் இல்லை என்பது ஷரத்து. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட வேண்டும். விட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். கிரெகரி ஷரத்து என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஐம்பது வருஷம் கழித்து அந்த வீட்டு அம்மாள், அந்த ஜில்லாவிலேயே, ஏழை விடுதிக் கிழவிகளிடம் போய் உட்கார்ந்து, காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்கிறார். கிழவிகள் கோட்டையைக் கை காட்டுகிறார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஜமீன் வீட்டு அம்மாளிடம் நிலத்தையும் குத்தகையையும் பற்றிப் பேசுவதைவிட மேட்டுக்குள் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவது சுலபம். இந்த நூலில் பஞ்சத்துக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. இருந்தாலும் பஞ்சத்தின் நிழல் படாத அத்தியாயமும் எனக்குத் தென்படவில்லை. அன்னியர் வீட்டு உணவைத் தொடாதே, தொட்டால் திரும்ப வரமுடியாது என்று கோட்டைக் கதைகளில் எல்லாம் ஓர் எச்சரிக்கை வருகிறது. இது பஞ்சத்தைவிட மிகப் பழைய விதி. பல தேசங்களிலும் உள்ளது. கஞ்சித் தொட்டிக்காக நிலத்தை விட்டவர்கள் வாயில் அது வரும்போது பழைய அர்த்தத்தோடு மட்டுமா வரும்?

அந்த அம்மாளின் காது நேர்மையானது. புரியாததையும் அவர் விடாமல் எழுதிவைத்தார். நமக்கு இன்று இந்தக் கேள்வி எழுவதே அந்த நேர்மையால்தான்.

நூலின் உச்சம் பிடி ஏர்லி என்னும் வைத்தியச்சியைப் பற்றிய பகுதி. பிரிஜிட் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் பிடி. கிளேர் ஜில்லாவில் ஃபீக்கிள் என்ற ஊருக்கு அருகில் 1798-ஐ ஒட்டிப் பிறந்து, 1874-ல் இறந்துபோனவள். கிரெகரி அம்மாள் அவளைத் தேடிப் புறப்பட்டபோது அவள் செத்து இருபத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இறந்துவிட்டாள் என்று சிலர், இன்னும் இருக்கிறாள் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். அம்மாள் மட்டக் குதிரையைப் பூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய், வீடு நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு, வழியெல்லாம் கேட்டுக்கொண்டே திரும்பினார். பாத்திரம் மேடைக்கே வராமல் மற்றவர்கள் பேச்சினாலேயே எழுந்து நிற்கும் நாவல்கள் உண்டு. அந்த வகையில் இந்த ஐம்பது சொச்சம் வாய்களின் பேச்சுக்கு ஈடாகச் சொல்லக்கூடியவை அதிகம் இல்லை.

அவளிடம் ஒரு புட்டி இருந்தது. நீல நிறம் என்பார்கள். இறந்துபோன சகோதரன் கொடுத்தான், இறந்துபோன மகன் கொடுத்தான், 'அவர்கள்' கொடுத்தார்கள் என்று சொல்லுக்குச் சொல் மாறும். அதற்குள் பார்த்தால் வந்தவர் நோவும், வராதவர் செய்தியும் தெரியும். பணம் வாங்கக் கூடாது என்பது புட்டியின் நிபந்தனை. விஸ்கி, பன்றிக்கறி, தேயிலை கொண்டுபோவார்கள். அதில் விஸ்கி மிகுதியாக வந்ததால் அவள் வீட்டில் எப்போதும் கூட்டம். நான்கு தடவை கல்யாணம் செய்துகொண்டாள். கடைசி மாப்பிள்ளை வரும்போது அவளுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். அவன் அதில் பாதி வயதுக்காரன். இதைச் சொல்லும்போது கிளேர்க்காரர்களின் குரலில் ஒரு சந்தோஷம் தொனிக்கிறது. புண்ணியவதியாக இருந்திருந்தால் அவளை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

அவள் வைத்தியத்தில் என்னைக் கவர்ந்தது ஒன்று. மருந்தைக் கொடுத்துவிட்டு, போகிற வழியில் இன்ன இடத்தில் ஜாக்கிரதையாக இரு, புட்டி உடையப் பார்க்கும் என்று சொல்லி அனுப்புவாளாம். சிலர் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், நோயாளி பிழைத்தான். சிலருக்குப் பாலத்தருகே குதிரை மிரண்டு புட்டி உடைந்தது, நோயாளி செத்தான். வேறு சிலரைப் பார்த்த மாத்திரத்தில், என்னால் ஆகாது, நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவாளாம். இதைத் தந்திரம் என்று கெட்டிக்காரர்கள் சொல்லலாம். மருந்து பலிக்காததற்கு முன்கூட்டியே ஒரு சாக்கு. எனக்கு அப்படி மட்டும் தோன்றவில்லை. புட்டியைச் சுமந்து வருகிறவன் பெரும்பாலும் நோயாளியின் கணவன் அல்லது தகப்பன். ஒன்றும் செய்ய முடியாமல் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தவனுக்கு இருபது மைல் தூரத்துக்கு ஒரு காரியம் கிடைக்கிறது. தோற்றாலும் பாலத்தின் மேல் தோற்றான்.

பாதிரிகளுக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவளைத் திட்டிவிட்டுக் கிளம்பிய பாதிரியின் குதிரை இடத்தைவிட்டு நகர மறுத்தது, அவளிடமே ஆள் அனுப்ப வேண்டியிருந்தது என்ற கதையைச் சொல்லாத ஊர் இல்லை. 1865-ல் என்னிஸ் நகரத்தில் அவளைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள் என்றும், 1586-ம் வருஷத்துப் பழைய சூனியச் சட்டத்தைத் தேடி எடுத்து வழக்குப் போட்டார்கள் என்றும், எதிராகச் சாட்சி சொல்ல ஒருவரும் வராததால் வழக்கு விழுந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். சாகும்போது பாதிரி வந்து பாவமன்னிப்புக் கொடுத்து, அந்தப் புட்டியை வாங்கிக் கில்பாரன் ஏரியில் எறிந்துவிட்டாராம். ஊரில் டாக்டர் இருந்தார், அவருக்குப் பீஸ் உண்டு. கோவில் இருந்தது, அதற்கும் கட்டளை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி இரண்டும் இல்லாமல் ஒரு ஜில்லாவின் நம்பிக்கையைக் கையில் வைத்திருந்தாள்.

யேட்ஸ் இந்த நூலுக்கு இரண்டு நீண்ட கட்டுரைகளும் அடிக்குறிப்புகளும் எழுதிக் கொடுத்தார். ஒன்று சூனியக்காரர்களைப் பற்றியது. மற்றது ஸ்வீடன் தேசத்து ஞானி ஸ்வீடன்போர்கையும் லண்டன் நகரத்து ஆவி மீடியம்களையும் பற்றியது. கால்வேக் கிழவி சொன்னதும், ஸ்வீடன்போர்க் கண்டதும், லண்டன் சந்தில் விளக்கை அணைத்துவிட்டு மீடியம் பேசியதும், ஜப்பானிய நோ நாடகத்தில் வரும் ஆவிக் காதலர்களும் ஒன்றுதான் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறார். மகாகவியின் உரைநடை, படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு மறுபடி கிழவியிடம் வந்தால், அவள் குரல் கொஞ்சம் சின்னதாகக் கேட்கிறது. மருமகள் கோட்டைக்குள் இருக்கிறாள் என்று சொன்னவள் ஆத்மாவின் நிலையைப் பற்றி ஒரு சித்தாந்தம் சொல்லவில்லை. மருமகளைப் பற்றித்தான் சொன்னாள். யேட்ஸுக்கு மேலுலகத்துக்குச் சாட்சி வேண்டியிருந்தது. கூப்பிட்ட சாட்சிகள் வேறு வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை படிக்கிறவர்கள் அந்தக் கட்டுரைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பேச்சுகளின் அழகில் மயங்கிவிடாமல் இருக்க, கூடவே வைத்துப் படிக்க வேண்டியது இன்னொரு பிரிஜிட்டின் கதை. டிப்பரரி ஜில்லாவில் பாலிவாட்லீ என்ற சிற்றூரில் பிரிஜிட் கிளியரி என்று ஒருத்தி; வயது இருபத்தாறு. தையல் மெஷின் வைத்துத் துணி தைத்தாள், கோழி வளர்த்து முட்டை விற்றாள், நன்றாக உடுத்துவாள். கணவன் மைக்கேல் பீப்பாய் செய்கிறவன். எழுதப் படிக்கத் தெரிந்தவன். குழந்தை இல்லை. 1895 மார்ச் மாதம் முட்டை கொடுக்க வெளியே போய்விட்டு வந்தவளுக்குக் குளிரும் தலைவலியும் கண்டது. பக்கத்தில் கைலனக்ரானா என்று ஒரு மண்கோட்டை. டாக்டர் வந்தார், பாதிரியாரும் வந்தார். உறவினர் ஒருவர் பார்த்துவிட்டு, இது பிரிஜிட் இல்லை என்றார். நாட்டு வைத்தியன் ஒருவனிடம் மூலிகை வாங்கிப் பாலில் கொதிக்கவைத்து, நாலு பேர் கை காலைப் பிடித்துக்கொள்ள, வாயில் ஊற்றினார்கள். நீ பிரிஜிட்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தகப்பனாரும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் கூடத்தான் இருந்தார்கள். மார்ச் 15-ந் தேதி இரவு கணவன் அவளைக் கணப்பருகே தள்ளி, விளக்கெண்ணெயை, அதாவது விளக்கு எரிக்கிற எண்ணெயை, மேலே ஊற்றிக் கொளுத்தினான். பிறகு அவன் என்ன செய்தான் என்பதுதான் எந்த நாவலாசிரியனுக்கும் துணிச்சல் வராத இடம். மூன்று இரவு அந்தக் கோட்டையில் போய்க் கறுப்புப் பிடி போட்ட கத்தியோடு காத்திருந்தான். நிஜமான பிரிஜிட் வெள்ளைக் குதிரைமேல் வருவாள், கட்டை அறுத்து இறக்கிக்கொள்ளலாம் என்று சொன்னான். 22-ந் தேதி போலீஸார் ஆழமில்லாத குழியில் சடலத்தைக் கண்டெடுத்தார்கள். மைக்கேலுக்கு இருபது வருஷம் கடுங்காவல். பதினைந்து வருஷம் கழித்து 1910-ல் வெளியே வந்தான்.

அயர்லாந்துக்குச் சுயாட்சி கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த பத்திரிகைகளுக்கு இது அல்வா மாதிரிக் கிடைத்தது. இந்த ஜனங்களா நாடாளப் போகிறவர்கள் என்று எழுதின. அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கிரெகரி அம்மாள் கேட்டு எழுதத் தொடங்குகிறார். அந்த ஏளனத்துக்குப் பதில் சொல்லும் ஆசை நூலுக்குள் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் பதில் சொல்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதை அவரும் செய்கிறார். மென்மையான பக்கத்தை வெளிச்சத்தில் வைக்கிறார். ஏஞ்சலா பர்க் என்ற அம்மாள் 1999-ல் கிளியரி வழக்கைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் மற்றப் பக்கத்தைக் காட்டுகிறது. சொந்தக் காசும் சொந்த வாயும் உள்ள ஒரு பெண்ணை 'இது அவள் இல்லை' என்று சொல்ல அந்தக் கோட்டை மொழி எவ்வளவு வசதியாக இருந்தது என்று அதைப் படித்தால் தெரியும். 'போய்விட்டாள்' என்ற அதே சொல்தான். கிழவி சொல்லும்போது துக்கத்தை ஒத்திப்போடுகிறது. மைக்கேல் சொல்லும்போது நெருப்பு மூட்டுகிறது. மூலிகை விஷயமும் இப்படியே. மாற்றிவைத்த குழந்தையைச் சோதிக்க ஐரிஷ்காரர்கள் பயன்படுத்திய நரிக்கையுறைச் செடி விஷம். அதே செடியைத்தான், ஷ்ராப்ஷயர் கிழவி ஒருத்தியின் குடும்ப மருந்திலிருந்து தெரிந்துகொண்டு, வில்லியம் விதரிங் என்ற டாக்டர் இதய நோய்க்கும் நீர்க்கோவைக்கும் பயன்படுத்தி 1785-ல் புத்தகம் போட்டார். அளவு தெரிந்த கையில் இருந்தது ஒன்று, தெரியாத கையில் இருந்தது மற்றொன்று.

பிற்காலத்தில் அரசாங்கமே இந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1935-ல் ஐரிஷ் நாட்டுப்புறவியல் கமிஷன் ஏற்பட்டது. சேகரிப்பாளர்கள் மெழுகு உருளையில் பேச்சைப் பதிவு செய்து, எழுதி எடுத்துக்கொண்டு, உருளையைச் சீவி மறுபடி உபயோகித்தார்கள். குரல் போய்விட்டது, எழுத்து நின்றது. 1937-லிருந்து 1939 வரை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள். ஐம்பதாயிரம் பிள்ளைகளுக்கு மேல் எழுதினார்கள். இப்போது அவற்றைக் கணினியில் யாரும் படிக்கலாம். எங்கள் வயல் கோட்டையில் ஒருவர் மரம் வெட்டினார், அவருக்கு வாய் கோணிவிட்டது என்று பதினொரு வயதுப் பிள்ளை எழுதுவதற்கும் கிரெகரி அம்மாளின் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். பிள்ளையிடம் பாட்டி எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

நம்பிக்கை போய்விட்டதா என்றால், போயும் போகாமலும் இருக்கிறது. 1973-ல் அயர்லாந்து ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்த பிறகு வயலைச் சமன்படுத்த இயந்திரம் வந்தது. எத்தனையோ கோட்டைகள் மறைந்தன. இயந்திரத்துக்குப் பயம் கிடையாது. கிளேர் ஜில்லாவில் லாட்டூன் என்ற இடத்தில் புதுச் சாலைக்காக ஒற்றை முள்மரம் ஒன்றை வெட்ட இருந்தார்கள். எடி லெனிஹன் என்ற கதைசொல்லி 1999-ல் பத்திரிகைகளுக்கு எழுதிக் கூச்சல் போட்டார், சாலை மரத்துக்கு இடம் விட்டது. பிடி ஏர்லியைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு 1987-ல் புத்தகம் போட்டவரும் அவரே. 2017-ல் கெர்ரியைச் சேர்ந்த பார்லிமெண்ட் அங்கத்தினர் ஒருவர், சாலை ஓரிடத்தில் திரும்பத் திரும்ப உள்வாங்குவதற்குப் பக்கத்துக் கோட்டைகள்தான் காரணம் என்று பகிரங்கமாகச் சொன்னார்.

பிடி ஏர்லியைப் பற்றி இன்னொன்று. கிளேர் ஜில்லாக் கட்சி ஹர்லிங் ஆட்டத்தில் 1914-ல் அகில அயர்லாந்துக் கோப்பையை ஜெயித்தது. மறுபடி ஜெயிக்க 1995 ஆயிற்று. இடைப்பட்ட எண்பத்தொரு வருஷமும் பிடி ஏர்லியின் சாபம் என்றே ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் போட்டிகளை நடத்தும் சங்கம் தோன்றியது 1884-ல். அவள் இறந்து பத்து வருஷம் ஆன பிறகு.

கூல் பார்க் மாளிகையை 1927-ல் அரசாங்கத்தின் காட்டிலாகா வாங்கியது. கிரெகரி அம்மாள் 1932-ல் காலமானார். 1941-ல் மாளிகையைக் கல்லுக்காக இடித்தார்கள். அடித்தளமும், யேட்ஸும் ஷாவும் மற்றவர்களும் பட்டையில் பெயர் செதுக்கிய செம்பு நிறப் பீச் மரமும் இருக்கின்றன. சுற்றிலும் வயல்களில் மண்கோட்டைகள் நிற்கின்றன.